கீபோர்டை எப்போது கழற்றுவீர்கள்?

கேள்வி: ஈரோட்டில் ஜிஎஸ்டி, வருமான வரிக் கணக்குகளைத் தாக்கல் செய்து கொடுக்கிறேன். டேலி கணக்கு மென்பொருளிலும் எக்செலிலும்தான் நாள் முழுவதும் வேலை. வாரத்தில் மூன்று நாள் விசைத்தறிக் கூடங்களுக்கும் துணிக்கடைகளுக்கும் நேரில் போய், பில் கட்டுகளைப் பிரித்து வைத்துக்கொண்டு பதிவு செய்கிறேன். 2017இல் வாங்கிய என் லேப்டாப் விண்டோஸ் 11ஐ ஏற்காது என்கிறார்கள். மகள் கல்லூரியில் விலங்கியல் முதலாண்டு படிக்கிறாள். குறிப்பெடுக்கவும் படம் வரையவும் டேப்லெட் கேட்கிறாள். "இரண்டுக்கும் சேர்த்து, கீபோர்டைக் கழற்றி மாட்டும் ஹைப்ரிட் டேப்லெட் ஒன்று வாங்கிவிடலாம், பகலில் உனக்கு, இரவில் அவளுக்கு" என்கிறார் கணவர். கடைக்காரரும் அதையே சொல்கிறார். கையில் 80,000 ரூபாய் இருக்கிறது. ஹைப்ரிட் டேப்லெட் உண்மையிலேயே லேப்டாப்புக்கும் டேப்லெட்டுக்கும் ஈடுகொடுக்குமா?
– ஈரோடு வாசகி

பதில்: உங்கள் கணவர் சொல்வது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வேண்டாம். உங்களுக்கு ஒரு லேப்டாப், மகளுக்கு ஒரு சாதாரண டேப்லெட் என்று தனித்தனியாக வாங்குங்கள். கொஞ்சம் இழுத்துப் பிடித்தால் 80,000 ரூபாய்க்குள் இரண்டும் அடங்கும். ஹைப்ரிட்டை மட்டமான பொருள் என்று நினைத்துச் சொல்லவில்லை. சிலருக்கு அதுதான் சரி என்று நானே உடன்போய் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். அதனால்தான் உங்களுக்கு ஏன் வேண்டாம் என்பதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கணினி பழுதுபார்க்கிறேன். ஹைப்ரிட் ஒன்று மேசைக்கு வந்தால் முதலில் அதன் கீழ் விளிம்பைத்தான் பார்ப்பேன். காந்தத்தில் கீபோர்டு வந்து ஒட்டும் இடம் அது. நடுவில் சின்னச் சின்னப் பித்தளை நிறப் புள்ளிகள் வரிசையாக இருக்கும். கீபோர்டுக்கு மின்சாரமும் தகவலும் அந்தப் புள்ளிகள் வழியாகத்தான் போகின்றன. கழற்றி மாட்டிப் பயன்படுத்துகிறவருடைய கருவி என்றால் அந்த விளிம்பு தேய்ந்து பளபளக்கும். பெரும்பாலானவற்றில் அப்படி இருப்பதில்லை. கீபோர்டைப் பிரித்ததும், அது ஒட்டியிருந்த கோட்டை ஒட்டி நூல் பிடித்தாற்போல அழுக்கு படிந்திருக்கும். வாங்கிய நாளில் மாட்டியது, அதற்குப் பிறகு கழற்றவே இல்லை என்று அர்த்தம். அவர் வாங்கியது விலை கூடிய, திரை சிறிய, மடியில் நிற்காத ஒரு லேப்டாப். உங்கள் கருவியிலும் அந்த அழுக்குக் கோடு விழும் என்பதுதான் என் கணிப்பு.

மடியில் ஏன் நிற்காது? லேப்டாப்பில் மதர்போர்டு, பாட்டரி எல்லாம் கீபோர்டுக்கு அடியில் இருக்கின்றன. கனம் கீழே, மூடி லேசு. ஹைப்ரிட்டில் அத்தனையும் திரைக்குப் பின்னால் இருக்கிறது. கீபோர்டு வெறும் அட்டை கனம்தான். தலை கனத்த பொம்மையை மடியில் நிறுத்தும் கதை அது. அதனால் முதுகில் மடக்கி விரிக்கும் ஒரு தகட்டை வைத்து முட்டுக்கொடுக்கிறார்கள். மேசையில் பிரச்சினை இல்லை. மடியில் வைத்தால் அந்தத் தகட்டின் விளிம்பு முழங்காலுக்கு அருகே தொடையில் அழுத்தும். கொஞ்சம் அசைந்தால் சரியும். விசைத்தறிக் கூடத்தில் உங்களுக்கு எத்தனை இடத்தில் மேசை போட்டுத் தருகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் பார்த்த கூடங்களில் பாவு உருளைக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடைத்தாலே பெரிது.

லேப்டாப்பும் டேப்லெட்டும் ஒன்றானால் என்ன என்பது பழைய ஆசை. மைக்ரோசாஃப்ட் 2002லேயே பேனாவால் எழுதும் டேப்லெட் கணினிகளுக்கென்று விண்டோஸ் எக்ஸ்பியில் தனிப் பதிப்பு கொண்டுவந்தது. கனமும் விலையும் சேர்ந்து அதைச் சில அலுவலகங்களோடு நிறுத்திவிட்டன. 2010இல் ஐபேட் வந்தது. விண்டோஸைச் சுருக்கி அதில் திணிக்காமல், விரலுக்கென்றே எழுதிய மென்பொருளோடு வந்தது, பிழைத்துக்கொண்டது. 2011இல் ஏசஸ் நிறுவனம் 'டிரான்ஸ்ஃபார்மர்' என்ற பெயரில் ஆண்ட்ராய்டு டேப்லெட்டுக்குக் கழற்றி மாட்டும் கீபோர்டு கொடுத்தது. அந்தக் கீபோர்டுக்குள்ளேயே இன்னொரு பாட்டரி இருந்தது. கெட்டிக்கார யோசனை. ஆனால் கீபோர்டு வந்ததே தவிர, அதைக் கொண்டு செய்ய வேண்டிய அலுவலக வேலைக்கான மென்பொருள் அன்று ஆண்ட்ராய்டில் இல்லை.

2012 அக்டோபரில் வந்த மைக்ரோசாஃப்டின் சர்ஃபேஸ் ஆர்டி டேப்லெட் இதற்கு நேர்மாறாகத் தவறியது. பார்க்க விண்டோஸ் போலவே இருக்கும். ஆனால் உள்ளே செல்பேசி வகைச் சிப். மற்ற கணினிகளில் ஓடும் வழக்கமான விண்டோஸ் நிரல்கள் எதையும் அதில் நிறுவ முடியாது. வாங்கியவர்களுக்கு வீட்டுக்குப் போன பிறகுதான் அது புரிந்தது. விற்காமல் தேங்கிய சரக்குக்காக மைக்ரோசாஃப்ட் 2013 ஜூலையில் 90 கோடி டாலரை நட்டக் கணக்கில் எழுதியது. அதே 2012இல் ஆப்பிளின் டிம் குக், டோஸ்டரையும் குளிர்சாதனப் பெட்டியையும்கூட ஒன்றாக்கலாம், ஆனால் வாங்குகிறவருக்கு அது பிடிக்குமா என்று கிண்டல் செய்திருந்தார். மூன்றே ஆண்டுகளில், 2015இல், அவருடைய நிறுவனமே ஐபேட் ப்ரோவுக்குக் கீபோர்டும் பேனாவும் தனித்தனியாக விற்க ஆரம்பித்தது. 

இடையில் ஒரு கருவி மட்டும் சரியாக அமைந்தது என்பேன்: 2014இல் வந்த சர்ஃபேஸ் ப்ரோ 3. 12 அங்குலத் திரை, முழு விண்டோஸ், எந்தக் கோணத்திலும் நிற்கும் முதுகுத் தகடு. முக்கியமானது திரையின் வடிவம். அதற்கு முன் வந்த சர்ஃபேஸ்களின் திரை 16க்கு 9 என்ற சினிமா அளவு. நிமிர்த்திப் பிடித்தால் ஒல்லியாக, உயரமாக நிற்கும். இதில் 3க்கு 2 என்று மாற்றினார்கள். ஏறக்குறைய ஏ4 தாளின் வாட்டம். ஒரு பிடிஎஃப் பக்கத்தை முழுதாகத் திறந்து, அதன்மேல் பேனாவால் எழுதலாம். இன்று கடையில் நீங்கள் பார்க்கும் விண்டோஸ் ஹைப்ரிட்டுகளில் பலவும் அந்த அச்சில் வார்த்தவைதான்.

ஆக, லேப்டாப்போடு போட்டி என்று வந்தால், முழு விண்டோஸ் உள்ள ஹைப்ரிட் போட்டியிடத்தான் செய்கிறது. திறனில் பெரிய குறை சொல்ல முடியாது. அது உங்கள் வேலைக்குத் தோற்பது வேறு இடத்தில். உங்கள் வலது கையைக் கேளுங்கள். இடது கை பில்லைப் புரட்டும். வலது கை கீபோர்டின் வலது ஓரத்திலுள்ள எண் கட்டத்தில் பார்க்காமலே தொகையை அடிக்கும். எஃப்8 விற்பனை, எஃப்9 கொள்முதல் என்று விரல் தானாகப் போகும். டேலியில் பழகிய யாரும் மவுஸைத் தேடுவதில்லை. 12, 13 அங்குல ஹைப்ரிட்டின் கீபோர்டில் அந்த எண் கட்டம் கிடையாது. எண்களை மேல் வரிசையில் தேட வேண்டும். எஃப் விசைகளும் அங்கே ஒலி, வெளிச்சம் கூட்டுவதற்கான விசைகளோடு இடத்தைப் பங்குபோட்டுக்கொள்ளும். ஒரு கட்டில் 200 பில் என்றால் மாலைக்குள் மணிக்கட்டு சொல்லிவிடும்.

இன்னொன்று, சிப். இப்போது வரும் மெல்லிய ஹைப்ரிட்டுகள் சிலவற்றில் ஸ்னாப்டிராகன் என்ற, செல்பேசிகளில் உள்ளது போன்ற ஆர்ம் வகைச் சிப் இருக்கிறது. பாட்டரி நன்றாக நிற்கும், சூடு குறைவு. சர்ஃபேஸ் ஆர்டி காலம் போல இல்லை. பழைய விண்டோஸ் நிரல்களையும் மொழிபெயர்த்து ஓட்டிவிடும். ஆனால் செருகும் கருவிகளைக் கணினியோடு பேசவைக்கும் டிரைவர் நிரல்களுக்கு அந்த மொழிபெயர்ப்பு கிடையாது. கருவி ஒன்றைச் செருகினால் அதற்கான டிரைவர் ஆர்ம் சிப்புக்கென்றே எழுதப்பட்டிருக்க வேண்டும். கம்பெனிகளுக்கும் எல்எல்பி என்ற வரையறுத்த பொறுப்புள்ள கூட்டு நிறுவனங்களுக்கும் ஜிஎஸ்டி தாக்கல் செய்யும்போது டிஜிட்டல் கையொப்ப டோக்கனைச் செருகுகிறீர்கள் அல்லவா? அந்த டோக்கனின் டிரைவர், கையொப்பமிட வைக்கும் எம்சைனர், உங்கள் பழைய பிரிண்டர் ஆகிய மூன்றும் வேலை செய்யுமா என்று பார்க்காமல் அந்தச் சிப் உள்ள எதையும் வாங்காதீர்கள். மாதக் கணக்குத் தாக்கலுக்குக் கடைசி நாளான 20ஆம் தேதி இரவு 11 மணிக்கு டோக்கன் தெரியவில்லை என்று எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகள் போதும்.

ஐபேட், ஆண்ட்ராய்டு டேப்லெட்டுகளுக்குக் கீபோர்டு மாட்டி லேப்டாப் என்று விற்பது இன்னொரு வகை. உங்கள் தொழிலுக்கு அதைப் பற்றி நீளமாகப் பேச வேண்டியதில்லை. டேலி விண்டோஸுக்கு எழுதியது. அவற்றில் எக்செல் திறக்கும். ஆனால் மேக்ரோ எனப்படும், எக்செல் கோப்புக்குள் இருக்கும் சிறு நிரல் ஓடாது. ஜிஎஸ்டி ஆண்டுக் கணக்குக்கான எக்செல் படிவமே மேக்ரோவில்தான் இயங்குகிறது.

உங்களுக்கு ஹைப்ரிட் கைகொடுக்கும் இடம் ஒன்று உண்டு; அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. பஞ்சு. நெசவுக் கூடங்களுக்குப் போய்வரும் லேப்டாப்புகளை நான் பிரித்தால், விசிறிக்கும் அதன் முன்னுள்ள செம்புத் தகடுகளுக்கும் நடுவே பஞ்சு கம்பளித் துண்டு போல அமுங்கிக் கிடக்கும். இடுக்கியால் பிடித்து இழுத்தால் ஒரே துண்டாக வரும். காற்று போக வழியில்லாமல் சூடேறி, வேகம் குறைந்து, ஒரு நாள் தானாக அணையும். விசிறியே இல்லாத ஹைப்ரிட்டில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் வெயிலில் நின்ற வண்டியிலிருந்து எடுத்து, மின்விசிறி இல்லாத கூடத்தில் திறந்தால், விசிறியில்லாத கருவி தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை லேப்டாப்பைத் திறந்து துடைத்துவிட்டால் போதும். உங்கள் ஊரில் எந்தக் கடையிலும் செய்வார்கள். இதற்காக மட்டும் ஹைப்ரிட் வாங்க வேண்டியதில்லை.

இனி மகளுக்கு வருவோம். டேப்லெட்டோடு போட்டி என்று வந்தால் ஹைப்ரிட் நிச்சயம் தோற்கிறது என்பது என் முடிவு. சோபாவில் சாய்ந்து ஒரு கையில் பிடித்துப் படிக்கிறவருக்குக் கனம்தான் எல்லாம். பேனாவோடு சேர்த்தே விற்பனைக்கு வந்த சாம்சங் டேப் எஸ்6 லைட் 467 கிராம். 2024இல் வந்த சர்ஃபேஸ் ப்ரோ, கீபோர்டு இல்லாமலேயே 895 கிராம். அரை மணி நேரம் பிடித்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். அதோடு, கீபோர்டைக் கழற்றிய பிறகும் விண்டோஸ் விண்டோஸ்தான்: பொடிப் பட்டன்கள், விரலுக்கு எட்டாத, மூடுவதற்கான மூலைப் பெருக்கல் குறி, நடுவில் வந்து நிற்கும் அப்டேட். பையில் தூங்கவைத்துப் போட்டால், சில விண்டோஸ் கருவிகள் அரைத்தூக்கத்தில் தானே விழித்து, சூடேறி, காலையில் பாட்டரியைத் தீர்த்து வைத்திருக்கும். தவளையின் நரம்பு மண்டலத்தை வரைய உட்காரும் பெண்ணுக்கு இதெல்லாம் எதற்கு? உறையைத் திறந்தால் உடனே விழிக்க வேண்டும். உள்ளங்கையைத் திரையில் ஊன்றி எழுதினால் கோடு விழாமல் பேனாவை மட்டும் உணர வேண்டும். டப்பாவுக்குள்ளேயே பேனாவும் சேர்ந்து வரும் 10, 11 அங்குல டேப்லெட் போதும்.

பகலில் உங்களுக்கு, இரவில் அவளுக்கு என்ற ஏற்பாட்டைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம். கணக்குத் தாக்கலுக்குக் கடைசித் தேதி எது, கல்லூரியில் உள்தேர்வு எப்போது என்று நாட்காட்டியில் பாருங்கள். குறிப்பெடுப்பது வகுப்பில், அதாவது பகலில். நீங்கள் கூடத்தில் இருக்கும் அதே நேரம். தவிர, வாடிக்கையாளர்களின் கணக்கும் கையொப்பமும் இருக்கும் கருவி கல்லூரிப் பைக்குள் போவதை உங்கள் வாடிக்கையாளர்களும் விரும்பமாட்டார்கள்.

விலையிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. விளம்பரப் படத்தில் கீபோர்டும் பேனாவும் ஒட்டியபடி இருக்கும். விலைச்சீட்டில் பல சமயம் திரை மட்டும்தான். 2020இல் ஆப்பிள் பெரிய ஐபேட் ப்ரோவுக்கென்று கொண்டுவந்த கீபோர்டின் விலை அமெரிக்காவில் 349 டாலர். அப்போது ஆப்பிளின் ஆரம்ப நிலை ஐபேட்டே 329 டாலர்தான். கீபோர்டு விலைக்கு ஒரு டேப்லெட்டே கிடைத்தது! கனத்திலும் அப்படியே: 2021இன் 12.9 அங்குல ஐபேட் ப்ரோ 682 கிராம். அந்தக் கீபோர்டும் ஏறக்குறைய அதே கனம். இரண்டையும் சேர்த்தால் அதே நிறுவனத்தின் 1.29 கிலோ மேக்புக் ஏரைவிடக் கூடிவிடும். கடைக்காரரிடம் கேட்கும்போது, "கீபோர்டு, பேனா, சார்ஜர் எல்லாம் சேர்த்து என்ன விலை?" என்று கேளுங்கள்.

உங்கள் கணவர் அடுத்து, முழுதாகப் பின்பக்கம் மடியும் லேப்டாப் ஒன்றைக் காட்டுவார். காட்டாவிட்டால் கடைக்காரர் காட்டுவார். 2012இல் லெனோவோ யோகாவில் வந்த ஏற்பாடு அது. மடியில் உறுதியாக நிற்கும், லேப்டாப்பாக நல்ல பொருள். டேப்லெட்டாக மடக்கினால் ஒன்றரைக் கிலோ. விரல்கள் அடியிலுள்ள விசைகளின் மேல் பதிந்தபடி இருக்கும். சில ஆண்டு மடக்கி விரித்த பிறகு, கீலைப் பிடித்திருக்கும் திருகுகள் பிளாஸ்டிக்கோடு பெயர்ந்து வந்தவை என் மேசைக்கு நிறைய வந்திருக்கின்றன.

பழுதைப் பற்றி ஒரு வார்த்தை. லேப்டாப்பின் அடித்தட்டைக் கழற்றினால் பாட்டரி கண்ணெதிரே இருக்கும். ஹைப்ரிட்டுகள் பலவற்றில் கண்ணாடித் திரை பசையால் ஒட்டியிருக்கும். சூடு காட்டி, மெல்லிய அட்டையை ஓரமாக நுழைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு பெயர்க்க வேண்டும். முதல் சர்ஃபேஸ் ப்ரோவுக்கு, கருவிகளைப் பிரித்துப் பார்த்து மதிப்பிடும் ஐஃபிக்ஸிட் நிறுவனம் பழுதுபார்க்கும் வசதிக்கு 10க்கு 1 மதிப்பெண்தான் கொடுத்தது. புதியவற்றில் நிலைமை மேம்பட்டிருக்கிறது. ஆனாலும் பாட்டரி மாற்ற வந்த ஒருவரிடம், திரை உடைந்தால் நான் பொறுப்பில்லை என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் கையை வைப்பேன். ஒருமுறை அப்படி எழுதி வாங்காமல் ஆரம்பித்தேன். அந்தத் திரையின் விலை இன்னும் நினைவிருக்கிறது.

அப்படியானால் யாருக்கு ஹைப்ரிட்? எனக்குத் தெரிந்த கட்டடப் பொறியாளர் ஒருவர் காலை முழுவதும் தளத்தில் நிற்பார். வரைபடத்தைத் திரையில் திறந்து, தப்பாக வந்த தூணைச் சிவப்பில் வட்டமிட்டு, அங்கேயே படமெடுத்து ஒட்டி அனுப்புவார். மாலையில் அலுவலகம் வந்து அதே கருவியில் கீபோர்டை மாட்டி அறிக்கை எழுதுவார். அவருடைய கருவியின் கீழ் விளிம்பு வெள்ளிக் கம்பி போலத் தேய்ந்திருக்கிறது. நின்றபடி பேனாவால் வேலை செய்துவிட்டு, பிறகு விண்டோஸில் உட்கார்ந்து முடிப்பவர் என்றால் லேப்டாப்பும் டேப்லெட்டும் சேர்ந்தாலும் ஹைப்ரிட்டுக்கு ஈடாகாது. நீங்கள் பேனா பிடிப்பது பில்லில் டிக் அடிக்க மட்டும்தான் என்று நினைக்கிறேன்.

வாங்க வேண்டியது: எண் கட்டம் உள்ள 15.6 அங்குல லேப்டாப், 16 ஜிபி நினைவகம், 512 ஜிபி எஸ்எஸ்டி, இன்டெல் அல்லது ஏஎம்டி சிப். தூக்கிச் சுமக்க 14 அங்குலம்தான் வசதி என்றால், யுஎஸ்பியில் செருகும் தனி எண் கட்டம் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. பாட்டரியை 80 சதவீதத்தோடு நிறுத்தும் அமைப்பு பல லேப்டாப்புகளில் உண்டு. அலுவலகத்தில் எப்போதும் செருகியே வைப்பீர்கள் என்பதால் முதல் நாளே அதைப் போட்டுவிடுங்கள். நாளாக ஆக டச்பேட் அழுந்த மறுத்தாலோ ஒரு பக்கம் தூக்கிக்கொண்டாலோ அடியில் பாட்டரி உப்புகிறது. அன்றே நிறுத்திவிட்டுக் கடைக்குக் கொண்டுபோங்கள்.

பழைய லேப்டாப்பைப் பற்றிச் சொன்னது சரிதான். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைச் சிப்பிலிருந்துதான் விண்டோஸ் 11 ஏற்கும். 2017இல் வாங்கியது அதற்கு முந்தியதாகவே இருக்கும். தூக்கிப் போடாதீர்கள். ஜிஎஸ்டி கணக்குகளை ஆண்டுக் கணக்குத் தாக்கலுக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். பழைய ஆண்டுகளின் டேலித் தரவோடு, இணையத்தில் இணைக்காமல், அலமாரியில் இருக்கட்டும். ஒரு நகலைத் தனி ஹார்டு டிஸ்கிலும் எடுத்து வையுங்கள்.

இவ்வளவு சொன்ன பிறகும் வீட்டில் ஹைப்ரிட்தான் என்று முடிவானால், பணம் கொடுப்பதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். கையொப்ப டோக்கனையும் ஒரு பில் கட்டையும் கடைக்கு எடுத்துக்கொண்டு போங்கள். டோக்கனைச் செருகித் தெரிகிறதா என்று பாருங்கள். பிறகு ஒரு நாற்காலி கேட்டு வாங்கி, ஹைப்ரிட்டை மடியில் வைத்து, பத்து பில்லை எக்செலில் அடித்துப் பாருங்கள். கடைக்காரர் மரியாதைக்கு மேசையை இழுத்துப் போடுவார். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.